மூச்சால் திருப்பிய சுக்கான்

யுத்தத்துக்கு நடுவே கொஞ்சம் சமாதானம் வந்திருந்த காலம் அது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு பாய்ப்படகு கொண்டுவந்தாள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களும் ஓட்டக்கூடிய பந்தயப் படகு. வாயில் ஒரு மெல்லிய குழாய். உறிஞ்சினால் சுக்கான் இடப்பக்கம் திரும்பும், ஊதினால் வலப்பக்கம். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காவின் புருசன், என் அத்தான், பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். தென்னையிலிருந்து விழுந்து ஏழு வருடமாகக் கட்டிலில் கிடந்தார்.

துறைமுகத்துக்குள் நிற்க எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிவரைதான் பாஸ். அதன்பிறகு படகு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். பத்து மணிக்கு அத்தானைத் தூக்கிப் படகில் இருத்தினோம். உறிஞ்சினார். சுக்கான் இடப்பக்கம் போய், உடனே 'கிர்' என்று திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் அதே கதைதான்.

ரேடியோ திருத்துகிறவன் நான், விடுவேனா! பற்றரியைப் பார்த்தேன். குழாயைக் கழற்றி, சைக்கிள் ரியூப்பில் ஓட்டை தேடுகிறவன் மாதிரி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. உள்ளே சேர்ந்திருந்த எச்சிலை உதறினேன். நான் உறிஞ்சினேன், சுக்கான் போன இடத்தில் நின்றது. வெளிநாட்டுக்காரி உறிஞ்சினாள், நின்றது. அத்தான் உறிஞ்சினால் மட்டும் திரும்பி ஓடிவந்தது. குழாய் பூட்டியிருந்த அந்த மெசின் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவருக்கு மூச்சில் பலம் போதவில்லை போலிருக்கிறது என்று அவள் மெல்லச் சொன்னாள். மணி பதினொன்றாகிவிட்டது.

"விடு தம்பி, ஏலாதெண்டா ஏலாதுதானே. என்னை வீட்ட கொண்டுபோங்கோ," என்றார் அத்தான். கடல் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

இறங்குதுறையில் குடையோடு நின்ற அக்கா படகுக்குள் இறங்கினாள். "இன்னொருக்கா உறிஞ்சுங்கோ பாப்பம்," என்று குனிந்து அவர் உதட்டையே பார்த்தாள். பார்த்தவள் வெடித்துச் சிரித்தாள்.

"மெசினில ஒரு பிழையும் இல்லை! இந்த மனுசன் சுருட்டெல்லோ குடிக்குது! இழுத்த கையோட ஊதி விடுது!"

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பின்னேரங்களில் திட்டித் திட்டிச் சுருட்டை அவர் வாயில் வைத்து எடுப்பவள் அவள்தானே.

"இழுத்தா விடத்தானே வேணும்?" என்றார் அத்தான், அப்பாவியாக.

"மூக்கால விடுங்கோ!"

உறிஞ்சினார். மூக்கால் விட்டார். சுக்கான் இடப்பக்கம் போய் அப்படியே நின்றது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வள்ளக்காரர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

அக்காவைக் கரையேற்றிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். வெளிநாட்டுக்காரி பாயை விரித்தாள். அத்தான் குழாயை நாக்கால் தள்ளிவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டு வாறன்."

ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் ஏழு வருடமாக நாங்கள்தான் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். போய்விட்டு வருகிறேன் என்கிற அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு அவ்வளவு காலமாயிற்று. "ஓம், போட்டு..." என்று தொடங்கிய அக்காவுக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.