கிருஷ்ணகிரியைத் திறக்க மறந்தவள்

ஜினிஷா டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பாள். பாதி டம்ளர் காலியானதும் செல்போனை எடுத்துப் பார்ப்பாள். திரையில் ஐந்து பச்சைப் புள்ளிகள் இருந்தால் மீதிப் பாதி உள்ளே போகும். செஞ்சியில் நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கு இவ்வளவு பதைபதைப்பு வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். நான் கவிதா. அதே ஆஸ்பத்திரி லேபில் பதினாலு வருடமாக ரத்தம் எடுப்பவள். ஊசி பிடித்தால் என் கை நடுங்காது, ஆனால் அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் எனக்கே கால் ஆட ஆரம்பித்துவிடும்.

அவள் தொண்டூர்க்காரி. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஸ்ரீபால், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி. திண்டிவனத்தில் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் யார் யாருடைய சர்வர்களையோ ஷிஃப்ட் போட்டுக் கண்காணித்தாள். பிறகு போதும் என்று ஊர் திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க மிஷின் விழுந்தா யாருக்குக் கஷ்டம்னே தெரியாதுக்கா. இங்க விழுந்தா க்யூவுல நிக்கிறவங்க மூஞ்சி தெரியுது" என்றாள். அப்படித் தெரிந்ததுதான் அவளுக்கு வினையாகப் போனது என்று நினைக்கிறேன்.

மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஏசி அறையில் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ராஜகிரி, இன்னொன்றுக்கு கிருஷ்ணகிரி என்று நம் செஞ்சிக் கோட்டை மலைகளின் பேரையே வைத்திருந்தாள். பதிவு, லேப், மருந்து, ஸ்கேன், பில் என்று ஐந்து கம்ப்யூட்டர்கள் அவற்றுக்குள் ஓடுகின்றன என்பாள். கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டரா என்று நான் கிண்டல் செய்தபோது பொறுமையாக விளக்கினாள்.

"ஒரு வூட்ல அஞ்சு குடித்தனம் இருக்குதுன்னு வச்சிக்கோக்கா. அந்த வூடு விழுந்துட்டா, அஞ்சும் பக்கத்து வூட்ல தானாவே போயி குடியேறிடும். ரெண்டே நிமிஷம். யாரும் எழுந்து போயி எதுவும் செய்ய வேணாம்."

எல்லாம் தானாகவே நடக்கும் என்றால் நீ ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டேன். அவள் அதற்கும் செல்போனைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

போன ஆயுத பூஜை அன்று நடந்தது இது. மேனேஜர் ரங்கநாதன் சாருக்கு ஸ்டெதஸ்கோப்பிலிருந்து ஆம்புலன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு என்பதால் சர்வரும் அணைந்திருக்க வேண்டும் என்பார். ஆஸ்பத்திரியை நிறுத்த முடியாது. அதனால் ஜினிஷா ஒவ்வொரு வருடமும் ஒரு வழி செய்வாள். ஐந்து குடித்தனத்தையும் ஒரு சர்வருக்கு மாற்றிவிட்டு மற்றதற்கு ஓய்வு கொடுப்பாள், பிறகு இதையே மாற்றிச் செய்வாள். ஓய்வில் இருக்கும் சர்வருக்கு ‘யாரையும் உள்ளே விடாதே’ என்று ஒரு உத்தரவு போட வேண்டும். பூஜை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மதியத்துக்குள் ராஜகிரியைத் துடைத்துப் பொட்டு வைத்து எல்லோரையும் அதற்கே கொண்டுவந்துவிட்டாள். பிறகு கிருஷ்ணகிரியை அணைத்துவிட்டு ஐயருக்காகக் காத்திருந்தோம்.

கடைவீதியில் பூஜை போட்டு முடித்து அவர் வருவதற்கு மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. தீபாராதனை முடிந்து கிருஷ்ணகிரியை அவள் ஆன் செய்தபோது ஐந்தரை. அது முழுதாக எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆகும். கைகளைப் பிசைந்துகொண்டு திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டார் சமணர்கள், பொழுதோடு சாப்பிடுகிறவர்கள். சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் ஒரு பருக்கைகூட உள்ளே போகாது. அன்று மதியமும் அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொழுது சாயுது, எழுந்து வா. மிஷினு எங்க ஓடிடப் போவுது?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். லேபில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவசரமாகச் சாப்பிட்டாள். கை கழுவும்போதே பதிவு கவுன்ட்டரில் பிரின்டர் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். பிறகு பொரி, கடலை, பழம் என்று பங்கு வைத்ததில் மணி ஏழானது. கிருஷ்ணகிரியின் உத்தரவை அவள் எடுக்கவே இல்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் செல்போனில் ஐந்து பச்சைப் புள்ளிகள் எரிந்தன. அவை ஐந்து குடித்தனமும் நலம் என்றுதான் சொல்லும். பக்கத்து வீடு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் கிடப்பதைச் சொல்லாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பவள் பதினோரு நாள் பார்த்தும் அது தெரியவில்லை.

பன்னிரண்டாவது நாள், திங்கட்கிழமை, நல்ல கூட்டம். பதினோரு மணிக்கு எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. ராஜகிரியின் போர்டு எரிந்துவிட்டது. ஜினிஷா வராந்தாவில் நின்று, "ரெண்டு நிமிஷங்க, தானா வந்துடும்" என்று நிதானமாகச் சொன்னாள். அவள் நிதானமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். இரண்டு நிமிடம் ஐந்தானது, ஐந்து பத்தானது, திரைகள் கறுப்பாகவே இருந்தன. அவள் ஏசி அறைக்கு ஓடினாள். வார்டில் இருந்த சிங்கவரத்துச் செல்லம்மாளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தான அளவு ஏறியிருந்தது. அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு நானே வார்டுக்கு ஓடினேன். நல்லவேளையாக டாக்டர் அங்கே இருந்தார். ஜினிஷா கிருஷ்ணகிரியில் ஐந்தையும் கையாலேயே ஒவ்வொன்றாக எழுப்பி முடிக்க முப்பத்தோரு நிமிடம் ஆனது.

சர்வர் விற்ற கம்பெனியின் ஆள் எழிலரசன். விழுப்புரத்திலிருந்து வந்து போவான். மேனேஜர் போனில் அவனைப் பிடி பிடி என்று பிடித்தார். "தானா மாறும்னு சொல்லித்தான வித்த? இனிமே நீ இந்தப் பக்கம் வராத. உங்க முதலாளிக்கு நாளைக்கு மெயில் போடறேன், வேற ஆள அனுப்பட்டும்." எழிலரசனுக்கு எங்கள் ஆஸ்பத்திரிதான் முதல் பெரிய வேலை. இது போனால் அவனைக் கம்பெனியில் வைத்திருக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் ஜினிஷா லேபுக்கு வந்து கதவைச் சாத்தினாள். "அக்கா, கிருஷ்ணகிரிய நான் தொறக்கவே இல்ல" என்றாள். பூஜை அன்று ஐந்து நாற்பதுக்கு அது எழுந்து காத்திருந்ததை, சர்வர் தானே குறித்து வைக்கும் கணக்கில் பார்த்திருக்கிறாள். அதைப் பார்க்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

"வாய மூடிக்கினு இரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். இதைச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பஸ் ஏறாமல் திரும்பி வந்து, மறுபடியும் போனாள். மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. ‘கிருஷ்ணகிரியைத் திறக்க நான் மறந்துவிட்டேன். எழிலரசன் மீது தவறு இல்லை.’ அதற்குக் கீழே கையெழுத்து. பூஜை தாமதமானது அதில் இல்லை, பொழுது சாய்ந்தது இல்லை, நானும் இல்லை.

"இவ்ளோ பொறுப்பான பொண்ணு எப்படிம்மா மறக்கும்? அன்னிக்கு நீதான கூட இருந்த?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் சார் இழுத்துக்கினு போனேன். பொழுது சாஞ்சிட்டா அது சாப்புடாது சார், காலையில வரைக்கும் பட்டினிதான்." சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அவர் தலையாட்டினார். மெயில் போகவில்லை. அன்று மதியமே எழிலரசன் புது போர்டோடு வந்து சேர்ந்தான். ஜினிஷாவுக்கு மெமோகூடக் கிடையாது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘பூஜை நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் சர்வர் அறைப் பொறுப்பு, உணவு நேரக் கட்டுப்பாடு இல்லாத ஊழியரிடம் ஒப்படைக்கப்படும்.’

ஜினிஷா அதைப் படித்துவிட்டு நேராக லேபுக்கு வந்தாள்.

"சாப்பாட்ட எதுக்குக்கா இழுத்தீங்க?"

"உனக்காகத்தான் சொன்னேன்."

"மறந்தது நான் ஒருத்தி. இப்ப எங்க சனமே மறந்த மாதிரி ஆயிடுச்சு. ஏழு வருசமா இங்க பொழுதோட சாப்டுட்டுத்தான் வேல செய்யறேன். அத ஒரு நாளாவது சாக்கா சொல்லியிருக்கறனா?"

ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனதும் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை அதே வரிகளைப் புதுத் தாளில், மேனேஜர் கையெழுத்தோடு, நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டியிருந்தார்கள்.