புகையிலைக் கிட்டங்கி மாடியில் வால் கேள்விகள்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் ஆங்கிலத்தில் கோட் அடித்தவர்களைக் கரையேற்றும் தொழிலில் இருந்தால் தலை சீக்கிரம் நரைக்கும். எனக்கு இருபத்தாறிலேயே ஆரம்பித்துவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியின் மாடியில் எங்கள் டுடோரியல் நடந்தது. மேலே தகரக் கூரை. மின்விசிறி கிடையாது. கீழேயிருந்து வரும் நெடியில் நாள் முழுக்கத் தும்மல். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். இலக்கணம் நடத்தி நொந்த சக வாத்தியார்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

தொப்பம்பட்டி மரியாதை

ஒரு விஷயத்தைச் சொல்லி, கடைசியில் குட்டியாக ஒரு கேள்வியை ஒட்டி, எதிராளியை ஒத்துக்கொள்ள வைப்பது ஆங்கிலத்தில் ஒரு வழக்கம். நம் ‘இல்லையா’ மாதிரிதான். என்ன, அங்கே வாக்கியத்துக்கு வாக்கியம் வால் மாறும். பரீட்சையில் கட்டாயம் வரும். நான் வாக்கியத்தைச் சொல்வேன், வகுப்பு வாலை ஒட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் ‘தி வெல் இஸ் டீப்’ என்றேன். மொத்த வகுப்பும் ‘ஆமா சார்’ என்றது. ‘தி க்ரோ இஸ் பிளாக்’ என்றேன். அதற்கும் ஆமாம். வாத்தியார் சொன்னால் ஒத்துக்கொண்டே பழகியவர்கள், பாவம், கேள்விக்கு எங்கே போவார்கள்? மூன்றாம் நாள் தொப்பம்பட்டி விவசாயி ஒருவர் மட்டும் எழுந்து ‘இஸின்ட் இட்டுங்க’ என்றார். அந்த ‘ங்க’வைக் கழற்ற ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “ஏனுங்க சார், வாத்தியாரைப் போயி மொட்டையா இஸின்ட் இட்டுன்னு கேக்க நாக்கு கூசுதுங்க.”

ஆரோக்கியமேரி

சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். புருஷனை இழந்தவர், கையில் ஒரு பெண் குழந்தை. ஆங்கிலத்தில் இரண்டு தடவை தவறியிருந்தார். தேறினால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அதற்கு நேர்முகத்தில் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச வேண்டும். தவறினால் அண்ணன் வீட்டு அடுப்படிதான் கடைசிவரைக்கும். இந்த ஒரு தடவைக்குத்தான் அண்ணன் சம்மதித்திருந்தார்.

நோட்டில் எழுதச் சொன்னால் அத்தனையும் சரியாக இருக்கும். வாயால் கேட்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். எனக்குக் கோபம் வந்தது. இவரைத் தேற வைக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமும் வந்தது. ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சொன்னது: “நீங்க வயசுல சின்னவுகதான் சார். ஆனாலும் வாத்தியார்ல. திருப்பிக் கேட்டா எதுத்துப் பேசுனதா ஆயிரும்.”

நத்தம் புளி

சிக்கல் நாக்கில் இல்லை, கூச்சத்தில் இருக்கிறது என்று தெரிந்துபோனது. ஒரு வாரம் வீட்டிலும் கடையிலும் எதைப் பேசினாலும், தமிழிலேயே, கடைசியில் ‘இல்லையா’ போட்டுக் கேட்டே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

நத்தத்திலிருந்து வகுப்புக்கு வந்த புளி வியாபாரி ஒருவர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கடைக்கு வந்தவரிடம், ‘புளி புதுசு, இல்லையா? கொட்டை எடுத்தது, இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார். பத்து வருஷ வாடிக்கைக்காரர் புளியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பையை மடித்துக்கொண்டாராம். போகும்போது சொன்னது: “ஒன் சரக்க நீயே எங்கிட்டக் கேக்குறியே அப்பு, ஒனக்கே சந்தேகம்னா நான் எப்படி வாங்குறது?”

நேர்முகம்

ஆரோக்கியமேரியும் உத்தரவை நிறைவேற்றினார், அண்ணனிடம். ‘படின்னு நீதானண்ணே சொன்ன, இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார். அண்ணன் திகைத்துப்போய் ஆமாம் என்றாராம். மறுநாள் வகுப்பில் நான் ஆரம்பிக்கும் முன்னால் ‘இட் இஸ் ஹாட், இஸின்ட் இட்?’ என்று நிமிர்ந்து கேட்டார். ‘யெஸ், இட் இஸ்’ என்றேன். முகத்தில் வந்த சந்தோஷத்தைத் தும்மி மழுப்பினேன்.

செப்டம்பர் பரீட்சையில் தேறினார். நேர்முகத்தில், கைக்குழந்தைக்காரிக்கு இதெல்லாம் ஒத்துவராது, ஊருக்குப் போம்மா என்று தமிழிலேயே சொல்லிக் ஃபைலை மூடியிருக்கிறார் அதிகாரி. முந்தைய ஆரோக்கியமேரி ‘ஆமா சார்’ என்று எழுந்து வந்திருப்பார். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ‘ஐ பாஸ்ட், டிடின்ட் ஐ?’ என்றாராம். இடம் கிடைத்த கடுதாசியோடு மாடியேறி வந்து அவர் சொன்னது: “யெஸ்சுன்னு சொல்றதத் தவிர அவருக்கு வேற வழி இல்ல சார்.”

இத்தனை பேருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த நான், அந்தத் தகரக் கூரைக்கு அடியில் இருந்த ஒன்பது வருஷத்தில், ஒரு மின்விசிறி மாட்டலாம், இல்லையா என்று டுடோரியல் முதல்வரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.