எடை மேடையில் ஒரு கிரகம்

மேடையில் ஏறிய லாரியின் ஆட்டம் அடங்கி எண்கள் நிலைப்பதற்குள் சொக்கம்மாள் கைபேசியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து முடித்துவிடுவார். சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அடுத்த நட்சத்திரம்.

எண்ணூர் போகிற சாலையோரம், லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. தொலைநோக்கியில் பதிவான நட்சத்திர ஒளியை விஞ்ஞானிகள் கோடுகளாக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். யாரும் பார்த்து உதவலாம். நட்சத்திரத்தின் குறுக்கே ஒரு கிரகம் போனால் ஒளி கொஞ்சம் மங்கும், கோட்டில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைத் தேடுவதுதான் சொக்கம்மாளின் பொழுதுபோக்கு. இந்தப் பக்கத்துப் புகையில் நிலாவே மங்கல்தான். கேட்டால், "வானம் தெரீலன்னா இன்னா? நெட்டு வருதுல்ல?" என்பார்.

கன்டெய்னர் லாரி ஓட்டும் ஃப்ரெடிக்கு இது தினசரி வம்பு. "இன்னாக்கா, மேல ஆளு எவனாச்சும் மாட்னானா?"

"தண்ணி கீற எடமே இன்னும் கெடைக்கல, ஆளுக்கு எங்க போறது? எங்க தெருவுல ரெண்டு நாளு தண்ணி லாரி வர்லன்னாலே பாதிப் பேரு வூட்ட காலி பண்ணிடறான்."

போன மாதம் ஒரு கோட்டில் ஒரே சீரான இடைவெளியில் பள்ளங்கள். குறித்து அனுப்பினார். 'ஆராய வேண்டியது' என்று பதில் வந்தது. அவ்வளவுதான், ஓட்டுநர்கள் அந்தக் கிரகத்துக்குச் 'சொக்கம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஃப்ரெடி ஜாங்கிரி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

இந்த வாரம் இன்னொரு பதில். அது கிரகம் இல்லையாம். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்து மறைத்துச் சுற்றுகின்றனவாம். அன்று மதியம் சொக்கம்மாள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் ஃப்ரெடி சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்ததும் சொக்கம்மாளே ஆரம்பித்தார். "தப்பாப் பூடுச்சுடா. அது கெரகம் இல்ல."

ஃப்ரெடிக்கு முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, எம் பொண்ணு இஸ்கூல் பூரா சொல்லிட்சேக்கா! எங்க அத்தை கண்டுபுடிச்சதுன்னு படம் வரைஞ்சு செவுத்துல ஒட்டிக்கீது. வுடுக்கா, அது அப்டியே இருந்துட்டுப் போவட்டும். யாரு போயி பாக்கப் போறா?"

"நாளைக்கு நெசமாவே ஒண்ணு கெடைச்சா அப்ப யார்றா நம்புவா? ஒம் பொண்ணுக்குப் போனைப் போடு. நானே சொல்றேன்."

"அது வீடியோலதான் பேசும்."

"போடு."

பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. சொக்கம்மாள் முகத்தில் படிந்திருந்த கரித்தூளை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். பிறகுதான் போனுக்குக் கை நீட்டினார்.