காலி வண்டியாகவே வந்திருக்கலாம்

சொந்த லாரிக்கு நானே முதலாளி, நானே டிரைவர். டிரைவர் லீவு கேட்டால் முதலாளி தருவதில்லை. முதலாளி திட்டினால் டிரைவர் காதில் வாங்குவதில்லை. பக்கப் பலகை இல்லாத திறந்த வண்டி. விருத்தாசலத்திலிருந்து பீங்கான் பியூஸ் கட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போவேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டு. போன ஊரிலிருந்து லோடு இல்லாமல் திரும்பக் கூடாது. ஒருத்தன் காலியாக வந்தது தெரிந்தால், பெண் பார்க்கப் போய் பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டு வந்தவனைப் போல அவனைப் பார்ப்போம். அந்தக் கேலியில் முதல் ஆள் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம். கோயம்புத்தூரில் சரக்கை இறக்கிவிட்டு, திரும்பும் லோடுக்காக புக்கிங் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மனைவி போன் பண்ணினாள். நான் கிளம்பும்போதே அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. மாத்திரை போட்டால் போய்விடும் என்று அவளேதான் என்னை அனுப்பி வைத்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றுகிறார்களாம். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு மகள்தான் கூடவே இருக்கிறாளாம்.

"ஏங்க, காலி வண்டியாவே வந்துடுங்களேன். எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அதைக் கவனிக்க வேண்டியவன் ஜோக் யோசித்துக்கொண்டிருந்தான்.

"காலியா வந்தா வண்டி தூக்கித் தூக்கிப் போடும் புள்ள. பக்கத்து பெட்டுல எனக்கும் எடம் புடிச்சு வைக்கிறியா?"

சிரித்தாள். சிரிக்கிறாள் என்றால் ஒன்றுமில்லை என்று போனிலேயே வைத்தியம் பார்த்து முடித்துவிட்டேன்.

அன்று லோடு கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மகள் கூப்பிட்டாள். அம்மாவுக்கு ரத்தத்தில் அணு குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னாராம். அப்போதே கிளம்பியிருந்தால் மதியம் மூன்று மணிக்குள் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். லோடு பிடித்துத் தரும் புரோக்கர் இன்னும் ஒரு மணி நேரம் என்றார். அந்த ஒரு மணி நேரம் முடியும்போது மணி பதினொன்று. கிடைத்தது என்ன லோடு தெரியுமா? கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள். உள்ளே வெறும் காற்று. கயிறு போட்டு இறுக்கியபோது ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

ஆத்தூர் பக்கம் டீசல் போட நின்றபோது மகள் மறுபடியும் கூப்பிட்டாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே. அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

தொட்டிகளின் உயரத்துக்கு எங்கள் தெரு கரன்ட் கம்பி இடிக்கும். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அவள் தலைமாட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் மகள் கேட்டாள்.

"என்ன லோடுப்பா?"

"தண்ணித் தொட்டி."

தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அம்மா ஆம்புலன்ஸுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்பாவுக்கு லோடு கெடச்சுதான்னு. கெடச்சுடுச்சு, வந்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன். அப்பாடான்னுச்சு."