பதினோராவது நட்டு

லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் தம்பிக்குப் பதினான்கு வருட அனுபவம். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து அதன் அடித்தகடு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். நட்டு பிற்பாடு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் அவசரத்தில் கோழி கிளறியதுபோல் இழுத்துவிட்டுப் போவார்கள். தம்பியின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். கம்பெனியில் அவனுக்கு 'மஞ்சக்கோடு' என்றே பெயர்.

அக்காவுக்கு அதில் வாய்கொள்ளாத பெருமை. அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திச் சட்டைக் கம்பெனியில் சேர்ந்து, தம்பியைத் தொழிற்பள்ளி வரை படிக்கவைத்தவள். தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் தையல் விட்ட இடமும் பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. "எங்க ரெண்டு பேருக்கும் சொத்துன்னு ஒண்ணுமில்ல. எனக்குக் கண்ணு சுத்தம், அவனுக்குக் கை சுத்தம்" என்பாள்.

தம்பியின் தூக்கம் கெட்டது அவசர அழைப்பு வேலையில்தான். கம்பெனியில் இரண்டு ஆட்கள் விலகிவிட, நான்கு மாதம் அந்தப் போன் அவன் தலைமாட்டிலேயே கிடந்தது. யாராவது லிப்டில் மாட்டிக்கொண்டால் எந்நேரமானாலும் ஓட வேண்டும். பிறகு புது ஆட்கள் வந்தார்கள், போன் கைமாறியது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. இல்லாத போனுக்குக் காது கொடுத்தபடி கிடந்தான்.

அப்படிக் கிடந்த ஒரு வாரத்தில்தான், ஒரு கட்டடத்தில் முறுக்குவதற்கு முன்பே எல்லா நட்டுக்கும் கோடு இழுத்துவிட்டான். ஸ்பேனரை வைத்துத் திருப்பியபோது கோடு விலகியது. அப்போதுதான் உறைத்தது. தப்பை அவனே பிடித்து அவனே சரி செய்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் தன் கோட்டின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. முறுக்கிவிட்டு இழுத்ததா, முறுக்காமல் இழுத்ததா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வேலை முடித்த கட்டடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி முறுக்கிப் பார்ப்பான். படியிறங்குவதற்குள் மறுபடி சந்தேகம் வந்துவிடும்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "தூக்கம் இல்லாததால பயம் பெருசாகுது. பயம் பெருசானா தூக்கம் ஓடிடுது. எது முதல்ல வந்துச்சுன்னு ஆராயாதீங்க." மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் காலையில் கை மரத்தது. முறுக்கிய இறுக்கம் கைக்கே தெரியவில்லை என்று மூன்றாம் நாளே நிறுத்திவிட்டான்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னார். "இந்தப் பன்னெண்டு மாடி வேலையை ஒரே தடவையில முடிச்சுக் கையெழுத்துப் போடு. திரும்பிப் போய்ப் பார்த்தேன்னு எனக்குத் தெரிஞ்சா, அப்புறம் லிப்ட் பக்கமே உன்னை விடமாட்டேன்."

அக்கா ஒரு நாள் லீவு போட்டாள். "நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்டா. நீ முறுக்கு, நான் டிக் போடுறேன். என் கண்ணைத் தாண்டி ஒரு சட்டைகூடப் போனதில்ல, உன் நட்டு எங்க போகும்?"

வாசலில் இருந்த காவலாளி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, ரிப்பேரு லிப்டுக்கா உங்களுக்கா? கூடவே ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"ரெண்டுக்கும்தாண்ணே" என்றாள் அக்கா.

மொட்டைமாடியில், ஆள் நிமிர்ந்தால் தலை தட்டும் மோட்டார் அறை. தம்பி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மண்டிபோட்டான். மோட்டாரின் இரும்புப் படுக்கையில் பதினாறு நட்டுகள். ஒவ்வொன்றையும் முறுக்கினான், கோடு இழுத்தான், அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் டிக் போட்டாள். பதினாறும் முடிந்ததும் கையெழுத்துப் போட்டான்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் பேன்ட்டைக்கூட மாற்றாமல் படுத்தான். படுத்தவன் தூங்கியே போனான். அக்கா மிக்சியைத் தொடவில்லை, குழாயைத் திறக்கவில்லை. குறட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். விருட்டென்று எழுந்து வந்தான்.

"அக்கா, பதினோராவது நட்டு. நான் முறுக்கினதைப் பார்த்தியா, கோடு போட்டதைப் பார்த்தியா?"

பார்த்தேன்டா என்று சொல்ல வாயைத் திறந்தாள். பத்தாவது கண்முன் வந்தது, பன்னிரண்டாவது வந்தது. பதினொன்று வரவில்லை. எல்லா நட்டும் ஒரே நட்டாகக் குழைந்துகிடந்தன. நோட்டில் டிக் இருந்தது. பார்த்துப் போட்ட டிக்கா, கை பழக்கத்தில் போட்டதா?

"பார்த்தேன்டா" என்றாள். ஆனால் மூச்சு இழுத்து விடும் நேரம் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதம் அவனுக்குப் போதும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பின்னாலேயே தெருமுனை வரை ஓடிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

சாயங்காலம் வந்து சேர்ந்தான். "இறுக்கமாத்தான் இருந்துச்சு. இம்மிகூட அசையல" என்றான், சாவுச் செய்தி சொல்கிற குரலில். அவன் திரும்பி வந்ததைப் பார்த்த காவலாளி கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தார், லிப்டில் ஆளை ஏற்றலாமா கூடாதா என்று.

இப்போது தம்பிக்கு உதிரிபாகக் கிடங்கில் வேலை. கேட்கிற பொருளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும், முறுக்கவும் வேண்டாம், கோடும் வேண்டாம். "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குடா" என்றாள் அக்கா. முதல் நாள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னிக்கு ஒருத்தருக்கு பிரேக் ஸ்பிரிங் எடுத்துக் கொடுத்தேன். சரியான அளவுதானாக்கா அது?"

"சரியான அளவுதான்டா" என்றாள் அக்கா, இந்தத் தடவை இமைக்கும் நேரம்கூடத் தாமதிக்காமல்.

தம்பி தட்டைத் தள்ளிவைத்தான். "நீ அதைப் பார்க்கவே இல்லையேக்கா."