பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி

ஓய்வுபெறும்வரை நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கூட்டங்களை ஒழுங்குபடுத்துவதே என் வேலை. எந்தத் தீர்மானம் எதற்கு முன் வரவேண்டும், யார் எப்போது வாயை மூடவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் இந்த அறிவை யாரும் மதிப்பதில்லை. அதனால் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன்.

பொங்கல் விழாவுக்கு எங்கள் தொகுதி எம்.பி. தவறாமல் வருவார். பொன்னாடை போர்த்துவோம். 'வணக்கம்' என்பார். கைதட்டுவோம். வடை தின்றுவிட்டுப் போவார். நான் இத்தனை காலமும் வாக்களித்துவந்த கட்சியைச் சேர்ந்தவர்.

செயற்குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். மனுரேவாப் புறநகரில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. பெண்கள் செய்யும் வேலை என்பதாலேயே சம்பளம் குறைவு என்று அவளும் அவள்போன்றவர்களும் கோரிக்கை வைத்திருந்தார்கள். ஆளுங்கட்சி சட்டத்தை மாற்றி அந்தக் கோரிக்கையை ரத்துச் செய்தது. அதில் எனக்கு வியப்பில்லை, அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். எதிர்க்கட்சிக்காரரான எங்கள் எம்.பி. அன்று அதை எதிர்த்துப் பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அதைப்பற்றி மூச்சே விடவில்லை. அவள் எழுதிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் 'உங்கள் அக்கறைக்கு நன்றி' என்று பதில் வந்தது.

"ஆட்சிக்கு வந்தா பழைய சட்டத்தைத் திருப்பிக் கொண்டுவருவினமோ, மாட்டினமோ? அதைத்தானே அண்ணை கேக்கிறன்," என்றாள் பொங்கலுக்கு முந்திய கூட்டத்தில். "நன்றியை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"அப்ப விழாவிலயே கேளுங்கோ," என்றேன்.

சென்னைக்காரரான தலைவர் பதறினார். "சார், விழாவுல அரசியல் வேணாமே."

"அரசியல்வாதியைக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுறது பின்ன என்ன, சமையலோ?"

"மத்தவங்களுக்கு இவர் பரவாயில்ல சார்."

அந்தப் 'பரவாயில்லை'யைக் காட்டியே தேர்தலுக்குத் தேர்தல் என் வாக்கை வாங்கிவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி இடம்பெற வேண்டும், கேட்பவரே பொன்னாடையும் போர்த்த வேண்டும் என்று முன்மொழிந்தேன். அவள் வழிமொழிந்தாள். சங்கத்தின் யாப்பை, அதாவது விதிகளை, எழுதியவன் நான். வாக்குகள் சமமானால் மட்டுமே தலைவர் வாக்களிக்கலாம். சமமாகவில்லை; தீர்மானம் நிறைவேறியது.

எம்.பி.யின் அலுவலகத்துக்கு நிரலை முன்கூட்டியே அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. யாரும் படிக்கவில்லை என்று விளங்கியது.

விழாவன்று அவள் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டே ஒலிவாங்கி முன் நின்று கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். எம்.பி. தன் தாயைப்பற்றிப் பேசினார். செவிமடுப்பதன் முக்கியத்துவத்தைப் பேசினார். பொருளாதாரம் நிச்சயமற்றது என்றார். எங்கள் உணவைப் புகழ்ந்தார். பேசி முடித்ததும், வருடாவருடப் பழக்கத்தில், பொன்னாடைக்காகத் தலையைக் குனிந்தார்.

அவள் அசையவில்லை.

நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவன் நான். "கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லலாம். உறுப்பினர் காத்திருக்கிறார்," என்றேன்.

அவர் குனிந்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அவள் பொன்னாடையை நான்காக மடித்தாள். "அப்ப இதுவும் இப்ப இல்லை," என்று தமிழில் சொல்லிவிட்டு அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். பின்வரிசையில், அவளோடு வேலைசெய்யும் பெண்கள் இருந்த பக்கம், கைதட்டல் கேட்டது. அந்த மண்டபத்தில் எம்.பி.க்குக் கிடைக்காத கைதட்டல் அது ஒன்றுதான்.

தலைவர் என் காதருகே வந்தார். "மானம் போச்சு சார்."

"ஒண்டும் போகேல்லை. ஒத்திவைச்சிருக்கு."

எம்.பி.க்கு வடை கொடுத்தோம். விருந்தோம்பலில் நாங்கள் குறைவைக்கவில்லை. ஒத்திவைத்த விடயத்தை யாராவது முன்மொழிந்து நீக்கும்வரை அது ஒவ்வொரு கூட்டத்தின் நிரலிலும் வரும். தலைவர் அதை வேகமாக வாசித்துக் கடந்துபோகப் பார்ப்பார். நான் மெதுவாக வாசிக்கச் சொல்வேன். நீக்கும்படி இதுவரை எவரும் முன்மொழியவில்லை. பொன்னாடை மனுரேவாவில் அவள் வீட்டில் இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கும் எம்.பி.க்கு அழைப்புப் போகும். கேள்வியை இந்தமுறை விளக்கேற்றுவதற்கும் முன்னால் போட்டிருக்கிறேன்.