காத்தாயி கேட்ட பெயர்

இன்று பதுளைக் கடைவீதியில் காத்தாயி என்னை மறித்துக்கொண்டாள்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் அழுக்கு ஓடைத் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் கிடப்பதை எனக்குச் சொன்னவள் அவள்தான். போன வாரம் அதை எங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தேன்.

“ஐயா, பேப்பர்ல என் பேரு ஏங்க இல்ல?”

“தொரைக்குத் தெரிஞ்சா உன்னத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாரேம்மா.”

“தெரியுமுங்க. யாரு சொன்னதுன்னு காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுல கேட்டாரு. நான்தான்னு முன்னால போயி நின்னேன். எனக்குப் பின்னால மொத்த லயமும் வந்து நின்னுச்சு. நேத்து தண்ணிக் குழாய் போட ஆளு வந்தாச்சு.”

செய்தி எழுதுகிறவன் என்பதில் இன்றைக்குப்போல் என்றும் நான் பெருமைப்பட்டதில்லை.

அடுத்த இதழில் அவள் பெயர் வருகிறது. அச்சுக் கோர்ப்பவரிடம் எவ்வளவு பெரிய எழுத்து கேட்கலாம், சொல்லுங்கள்.